வசந்தகாலப் பனிச்சரிவு: எத்தனை மணிவரை?

கடந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. என் மகள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு மறுநாள் பயணத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். பல்கலைக்கழகத் தோழர்கள் மூவருடன் பெம்பர்ட்டனுக்கு அப்பால், டஃபி ஏரிச் சாலைப் பக்கம், பனிச்சறுக்குப் பலகைகளுடன் மலையேறப் போகிறார்கள். அங்கே இழுவைக் கம்பி கிடையாது, காவலர் கிடையாது, கைத்தொலைபேசிக்கு அலைவரிசையும் கிடையாது.

"அப்பா, நாளைக்குக் காலமை அபாயம் 'குறைவு' எண்டுதான் போட்டிருக்கு. பயப்பிடாதேங்கோ."

"எத்தனை மணிவரைக்கும் குறைவு?"

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு அவளுக்கு நான் சொன்னவற்றைத்தான் இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நம்மவர்களுக்கு மலை என்றால் நீண்ட காலமாகக் கார் நிறுத்துமிடத்தில் இறங்கி, படம் எடுத்து, கொண்டுபோன கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாகவே இருந்தது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அப்படி இல்லை. அவர்கள் சாலை முடிகிற இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெற்றோராகிய நமக்கு இதுபற்றி எதுவும் தெரியாததால், "போகாதே" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வருவதில்லை. பிள்ளைகளும் அதைக் கேட்பதில்லை.

நான் மலை வழிகாட்டி அல்லன். இருபது வருடங்களாக வன்கூவரைச் சுற்றியுள்ள மலைகளில் ஏறுபவன். பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புக்கு இரண்டு தடவை போனவன். ஒரு தடவை பெரிய தவறு செய்து தப்பியவன். அதையும் இக்கட்டுரையில் சொல்கிறேன்.

கரையோர மலைகளின் பனி

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோர மலைத்தொடர் ஃபிரேசர் ஆற்றின் பக்கமிருந்து வடக்கே யூக்கோன் எல்லைவரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளுகிறது. பசிபிக் கடலின் ஈரக்காற்று நேராக வந்து மோதுவதால் இங்கே விழும் பனியின் அளவு மலைக்க வைப்பது. எல்லைக்குத் தெற்கே சற்றுத் தொலைவில், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பேக்கர் மலையின் பனிச்சறுக்குத் தளத்தில் 1998-99 பருவத்தில் விழுந்த பனி 1,140 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 29 மீட்டர். ஒரு பருவத்தில் அளக்கப்பட்ட பனிப்பொழிவில் அது உலக சாதனையாகப் பதிவானது.

இந்தப் பனி உலர்ந்த மாவுபோல் இராது. பூச்சிய டிகிரிக்கு அண்மையான வெப்பநிலையில், கனமாக, ஈரப்பசையோடு விழும். அதனால் விரைவில் இறுகியும் விடும். கனடாவின் உட்புறத்து ராக்கி மலைகளில் பனியின் அடியில் ஒரு பலவீனமான படை உண்டானால் அது வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் அப்படியே கிடந்து ஆளைக் கொல்லும். கரையோரத்தில் பெரும்பாலான ஆபத்து புயலின்போதும் அதற்கடுத்த ஓரிரு நாட்களிலும்தான். எனவே இங்குள்ள மலையேறிகளிடம் ஒரு நம்பிக்கை உண்டு: "ரெண்டு நாள் பொறுத்தால் எல்லாம் இறுகிவிடும்."

குளிர்காலத்துக்கு அது பெருமளவு சரி. ஆனால் மார்ச் நடுப்பகுதிக்குப் பிறகு கணக்கு மாறுகிறது. வசந்தத்தில் பனியின் உறுதி, அது விழுந்து எத்தனை நாளாயிற்று என்பதில் மட்டும் தங்கியிருப்பதில்லை; நேற்றிரவு அது உறைந்ததா, இன்று எத்தனை மணிக்கு இளகும் என்பதிலும் தங்கியிருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கற்பாறைபோல் இருக்கும் அதே சரிவு, பகல் பன்னிரண்டு மணிக்குக் கஞ்சியாகலாம். குளிர்காலத்தில் "இந்த இடம் பத்திரமா?" என்று கேட்கிறோம். வசந்தத்தில் அதோடு "எத்தனை மணிவரை?" என்றும் கேட்க வேண்டும்.

இரவில் நடப்பது

நம் மொழியில் பனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மார்கழி விடியற்காலைப் புல்நுனி ஈரம். ஊரில் முகில் இல்லாத இரவுகளில்தான் அந்தப் பனி அதிகம் கொட்டும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். காரணம், பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. முகில் இருந்தால் அது போர்வைபோல் வெப்பத்தைத் தடுத்துத் திருப்பிவிடும். தெளிந்த வானம் என்றால் வெப்பம் தடையின்றிப் போய்விடும்.

மலையிலுள்ள வெண்பனிக்கும் இதே விதிதான். தெளிந்த, காற்று உலர்ந்த இரவில், காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடக் கூடும். முகில் மூடிய இரவில், வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இருந்தாலும் பனி உறையாமலே விடிந்துவிடும். வசந்தகால விபத்துகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி மிகவும் உதவும்.

உறைந்த பனியின் மேலே ஒரு பொருக்கு உண்டாகிறது. அது தடித்திருந்தால் முழுச் சரிவையும் ஒரு கவசம்போல் பிடித்து வைத்திருக்கும். காலையில் வெயில் வந்ததும் அது இளகத் தொடங்குகிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பம், ஒரு கிராம் நீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்துக்குச் சமம். ஆகவே உருகல் மெதுவாகத்தான் தொடங்கும். ஆனால் புதிய உலர்பனி ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். பழைய ஈரப்பனி திருப்பி அனுப்புவது ஏறத்தாழ பாதிதான், மீதியை விழுங்கிக்கொள்கிறது. இதனால் ஈரமாக ஆக உருகும் வேகமும் கூடுகிறது. காலையில் ஒரு மணித்தியாலத்தில் நடந்த மாற்றம் மதியத்தில் பத்து நிமிடத்தில் நடக்கும்.

நீர் எப்படிப் பனியைப் பலவீனப்படுத்துகிறது என்பதற்குக் கடற்கரை மணலை நினைத்துக்கொள்ளுங்கள். சற்றே நனைந்த மணலில் கோபுரம் கட்டலாம். தண்ணீர் அளவுக்கு மீறினால் அதே மணல் குழைந்து ஓடும். பனி மணிகளுக்கிடையே சிறிதளவு நீர் இருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும். இடைவெளிகள் நீரால் நிரம்பத் தொடங்கும்போது மணிகளுக்கிடையிலான பிணைப்புகள் கரைந்துவிடும்.

நான்கு வகைச் சரிவுகள்

முதலாவது, உதிரிச் சரிவு. ஒரு பாறையடியிலோ மரத்தடியிலோ ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே போகப்போக முக்கோணமாக விரியும். பார்க்க மெதுவாகத் தெரியும். ஆனால் ஈரப்பனியின் பாரம் மிகப் பெரிது. ஆளை இழுத்துக்கொண்டுபோய்ப் பாறையிலோ ஓடையிலோ தள்ளிவிடும்.

இரண்டாவது, ஈரப் பலகைச் சரிவு. உருகிய நீர் உள்ளே இறங்கி, ஏதாவது ஒரு படையில் தேங்கி, அதற்கு மேலுள்ள பனி முழுவதும் ஒரு பலகையாக வெடித்துப் பெயர்வது. எந்த நேரத்தில் பெயரும் என்று கணிப்பது நிபுணர்களுக்கே கடினம். இரவில் உறையாமல் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து சூடாக இருந்தாலோ, பனியின்மேல் மழை பெய்தாலோ இதை எதிர்பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முகடுகளில் காற்று கட்டிவைக்கும் பனி இறவாரம். வீட்டுக் கூரை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதுபோல், முகட்டின் ஓரத்தைத் தாண்டி வெறுவெளியில் தொங்கிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அது தட்டையான, திடமான நிலமாகவே தெரியும். குளிர்காலம் முழுவதும் வளர்ந்து, வசந்தத்தில்தான் மிகப் பெரிதாக நிற்கும். அதே காலத்தில்தான் இளகி விழவும் தொடங்கும்.

நான்காவது, வழுக்குச் சரிவு. வழவழப்பான பாறைமேல் கிடக்கும் முழுப் பனியும் நிலத்தோடு சேர்ந்து மெல்ல வழுக்கும். மேலே வாய்பிளந்த வெடிப்பு ஒன்று தெரியும். அது எப்போது விழும் என்பதற்கு வெயில் நேரமும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. வெடிப்பைக் கண்டால் அதன் கீழே நேரம் செலவிடாமல் இருப்பதொன்றே வழி.

இவற்றோடு ஏப்ரல் மாதத்துப் புதுப்பனியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உயரத்தில் அப்போதும் 30 சென்டிமீட்டர் விழுவது சாதாரணம். புயல் ஓய்ந்து முதல் வெயில் அதன்மேல் படும் ஓரிரு மணித்தியாலங்கள் மிக ஆபத்தானவை. வானம் நீலமாக, மலை அழகாக இருக்கும் அந்தக் காலையில்தான் எல்லோருக்கும் புறப்படத் தோன்றும்.

இரண்டு சம்பவங்கள்

1910 பெப்ரவரி இறுதியில் வாஷிங்டன் மாநிலத்தின் காஸ்கேட் மலைகளில், வெலிங்டன் என்ற சிறு ரயில் நிலையத்தில் இரண்டு ரயில்கள் பனியில் சிக்கி நாட்கணக்கில் நின்றன. ஓயாத பனிப்பொழிவு. அதன்பின் வெப்பநிலை ஏறி, பனி மழையாக மாறி, இடியும் மின்னலும் வந்தன. மார்ச் 1 அதிகாலை, நிலையத்துக்கு மேலிருந்த சரிவு பெயர்ந்து இரண்டு ரயில்களையும் பள்ளத்தில் தள்ளியது. இறந்தவர்கள் 96 பேர். அமெரிக்க வரலாற்றிலேயே மிக அதிக உயிர்களைப் பலிகொண்ட பனிச்சரிவு அதுதான். பனியின்மேல் மழை என்பதன் பொருளை அறிய இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மற்றது நமக்கு மிக அண்மையில் நடந்தது. 2017 ஏப்ரல் 8. வன்கூவரிலிருந்து முக்கால் மணி நேரக் கார்ப்பயணத்தில் லயன்ஸ் பே என்ற ஊர். அதற்கு மேலே சுமார் 1,650 மீட்டர் உயரமுள்ள ஹார்வி மலை. அங்கே ஏறிய ஒரு குழுவில் ஐவர், உச்சிக்கு அருகே பனி இறவாரம் உடைந்து வடக்குப் பக்கமாகப் பல நூறு மீட்டர் கீழே விழுந்து இறந்தார்கள். சற்றுப் பின்தங்கி வந்த ஆறாவது ஆள் மேலே வந்து பார்த்தபோது, தோழர்களின் காலடித் தடங்கள் உடைந்த விளிம்புவரை போய் அங்கே முடிந்திருந்தன. அவர்கள் புதியவர்கள் அல்லர், மலையேறிப் பழகியவர்கள்.

அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, உச்சியில் நின்று படம் எடுப்பதற்காக விளிம்புப் பக்கம் ஓர் அடி வைப்பதற்கும் எனக்கு மனம் வருவதில்லை. இறவாரம் நாம் நினைப்பதைவிட உள்ளே, சிலவேளை முகட்டின் தட்டையான பகுதிவரைக்கும் வெட்டி உடையும். பாறையோ மரமோ வெளியே தெரிகிற, காற்றடிக்கும் பக்கத்தில் நன்றாகத் தள்ளி நடப்பதே முறை.

முந்தைய இரவு செய்ய வேண்டியவை

கனடாவில் பொதுமக்களுக்கான பனிச்சரிவு அறிவிப்புகளை அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு வெளியிடுகிறது. 2003 பெப்ரவரி 1 அன்று ரோஜர்ஸ் கணவாய்ப் பகுதியில் ஏழு பள்ளி மாணவர்கள் பனிச்சரிவில் இறந்த துயரத்துக்குப் பின், 2004இல் இது உருவாக்கப்பட்டது. இன்றைய பெயர் 2014இல் வந்தது. அபாயத்தை ஐந்து நிலைகளாகச் சொல்வார்கள்: குறைவு, மிதம், கணிசம், உயர்வு, அதி உச்சம். மூன்றாவதான 'கணிசம்' என்பதை நடுநிலை என்று எண்ணிவிடக் கூடாது. மனிதர் போய் மிதித்தால் சரிவு பெயர வாய்ப்பு அதிகம் என்பதே அதன் பொருள்.

நிலை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடக் கூடாது. கீழே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். வசந்தத்தில் "பகல் வெப்பத்தோடு அபாயம் ஏறும்" என்ற ஒரு வரி அங்கேதான் இருக்கும். இன்னொன்று: நாளாந்த அறிவிப்புகள் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தோடு அந்தப் பருவத்துக்கு நின்றுவிடும். மலையில் பனி ஜூன், ஜூலைவரை கிடக்கும். அறிவிப்பு இல்லை என்பதால் அபாயம் இல்லை என்றாகாது.

என் மகளிடம் ஒரு தாளில் எழுதச் சொன்ன கேள்விகள் இவை:

1. இரவில் உறைநிலை உயரம் எவ்வளவு? அதாவது எத்தனை மீட்டருக்கு மேலே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் இருக்கும்? அது உங்கள் உச்சிக்கும் மேலே என்றால், தெளிந்த வானம் ஒன்றே உங்களுக்குத் துணை.

2. இரவு வானம் தெளிவா, முகிலா?

3. கடந்த மூன்று நாட்களில் புதுப்பனியோ மழையோ எவ்வளவு? கடைசியாக நன்றாக உறைந்தது எந்த இரவு?

4. நாளை உறைநிலை உயரம் எவ்வளவு வேகமாக ஏறும்? வெயில் எப்போது வரும்?

5. போகும் சரிவுகள் எத்திசை பார்த்தவை? கிழக்குச் சரிவில் விடிந்ததும் வெயில் படும். அது முதலில் இளகும். தெற்கு அதற்கடுத்து, மேற்கு மாலையில். வடக்குச் சரிவு கடைசியாக. ஏறும்போது உறைந்திருக்கும் வழி இறங்கும்போது எப்படி இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

6. சரிவின் செங்குத்து எவ்வளவு? பெரும்பாலான பலகைச் சரிவுகள் 30 முதல் 45 பாகைவரையுள்ள சரிவுகளில் நிகழ்கின்றன. 1:50,000 வரைபடத்தில், 40 மீட்டருக்கு ஒரு சமவுயரக்கோடு என்றால், கோடுகளுக்கிடையே 1.4 மில்லிமீட்டர் இருந்தால் 30 பாகை; 0.8 மில்லிமீட்டர் என்றால் 45 பாகை. ஆனால் கோடுகளுக்கிடையே ஒளிந்திருக்கும் சிறிய செங்குத்துகளை வரைபடம் காட்டாது.

7. நமக்கு மேலே என்ன இருக்கிறது? நாம் நடப்பது தட்டையான பள்ளத்தாக்காக இருக்கலாம். மேலே கிழக்குப் பார்த்த பெரிய சரிவோ தொங்கும் இறவாரமோ இருந்தால் அதன் நேரந்தான் நம் நேரமும்.

8. திரும்பும் மணி எது?

கடைசிக் கேள்விக்கான விடையை வீட்டிலேயே எழுதிவிட வேண்டும். மலையில் போய்த் தீர்மானிப்போம் என்றால், அங்கே தீர்மானிப்பது நாமல்ல. எதிரே தெரியும் உச்சிதான் தீர்மானிக்கும்.

மலையில் பார்க்க வேண்டியவை

அதிகாலையில் கார்க் கண்ணாடியில் உறைபனி படிந்திருக்கிறதே, மேலேயும் உறைந்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கிவிடும். மேலே அதைவிடச் சூடாக இருப்பதுண்டு. எனவே ஏறும் வழியிலே பனியை நேரில் சோதிக்க வேண்டும்.

பொருக்கின்மேல் நின்று பாருங்கள். சப்பாத்துடன் நிற்கும்போது பாரத்தைத் தாங்கினால் நல்லது. மேலே இரண்டு சென்டிமீட்டர் ஓடும், கீழே நீரூறிய கூழுமாக இருந்தால் அது உறைவே அல்ல, ஏமாற்று. கணுக்கால்வரை புதையத் தொடங்கினால் செங்குத்தான இடங்களைவிட்டு வெளியேறும் நேரம் வந்துவிட்டது. முழங்கால்வரை புதைந்தால் நேரம் கடந்துவிட்டது.

சரிவில் சிறு பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்து, பாய் சுருட்டியதுபோல் நிற்பதைக் கவனியுங்கள். மரக்கிளைகளிலிருந்து பனி சொட்டுவதும், பாறைகளைச் சுற்றிப் பனி விலகுவதும், பக்கத்து மலையில் புதிய சரிவுத்தடம் தெரிவதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. மெல்லிய முகிலும் வெயிலும் கலந்த புழுக்கமான நாளில் எல்லாத் திசைச் சரிவுகளும் ஒரே நேரத்தில் இளகக் கூடும். அப்போது வடக்குப் பக்கம் என்ற நம்பிக்கையும் உதவாது.

நான் செய்த தவறு

2012 ஏப்ரலில் அலுவலக நண்பர்கள் இருவருடன் டஃபி ஏரிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு பள்ளத்தாக்கில் பனிச்சப்பாத்துக் கட்டி ஏறினேன். ஐந்து மணிக்கு நடை தொடங்குவதாகவும் பதினொரு மணிக்குத் திரும்புவதாகவும் பேச்சு. ஒருவர் பிந்தி வந்தார். வழியில் கோப்பிக்கு நின்றோம். நடக்கத் தொடங்கியபோது ஏழரை. திரும்பும் மணியை மாற்றாமல் விட்டிருந்தால் பாதியிலே திரும்பியிருக்க வேண்டும். அதை எடுத்துச் சொல்ல எங்கள் மூவரில் யாருக்கும் வாய் வரவில்லை. பிந்தி வந்தவரைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று நான் பேசாமல் இருந்தேன். நம்மவர்களுக்கு இந்த மரியாதை அதிகம்.

உச்சியில் நின்றது 12.40க்கு. இறங்கும் வழியில் தென்மேற்குப் பார்த்த ஒரு சரிவைக் குறுக்கே கடக்க வேண்டும். உருண்டைகள் விழுந்துகொண்டிருந்தன. மூவரும் பார்த்தோம். "பத்து நிமிசந்தானே" என்று சொன்னது நான்தான். ஒருவர்பின் ஒருவராகக் கடந்தோம். நடுவில் என் கால் முழங்காலுக்கு மேலே புதைந்து, பனிச்சப்பாத்தை இழுத்தெடுக்க முடியாமல் சிறிது நேரம் நின்றேன்.

மூவரும் மறுபக்கம் போய், மரங்களுக்குள் இறங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். லொறியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அது நிற்காமல் நீண்டது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நடந்த தடம் சரிவின் இரு ஓரங்களில் மட்டும் இருந்தது. நடுவில் இல்லை. கீழே ஓடைக்குள் பனிக்கட்டிகள் வீட்டுக் கூரையளவு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. காரில் ஏறும்வரை ஒருவரும் பேசவில்லை. வீட்டில் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

புதைந்தவரை மீட்டல்

உடன் செல்பவர் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருட்கள் இருக்க வேண்டும். 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் ட்ரான்ஸீவர், பனியைக் குத்தித் தேடும் மடக்குக் கம்பி, உலோகச் சவள். கைத்தொலைபேசி போன்ற கருவிகள் ட்ரான்ஸீவரைக் குழப்பும். அணிந்திருக்கும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது பொதுவிதி.

ஆனால் ஈரப்பனியில் இந்தக் கருவிகளின்மேல் அதிக நம்பிக்கை வைக்கக் கூடாது. ஓடும்போது குழம்புபோல் ஓடும் ஈரப்பனி, நின்ற கணத்தில் சீமெந்துபோல் இறுகிவிடும். கனடாவையும் சுவிட்சர்லாந்தையும் ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வு, கனடாவில் புதைந்தவர்களின் உயிர்வாய்ப்பு ஏறத்தாழ முதல் பத்து நிமிடங்களுக்குப் பின்னே வேகமாகச் சரிவதையும், கரையோரத்தின் அடர்ந்த பனியில் அது இன்னும் விரைவாகச் சரிவதையும் காட்டியது. மேற்குக் கனடாவின் மரணங்களை ஆராய்ந்த 2009ஆம் ஆண்டு ஆய்வொன்று, இறந்தவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மூச்சுத்திணறலால் அல்ல, பாறையிலும் மரத்திலும் மோதிய காயங்களால் இறந்ததாகக் கண்டது. அவர்களுக்கு எந்தக் கருவியும் உதவியிராது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் தேடி மீட்கும் தொண்டர் குழுக்கள் கட்டணம் வாங்குவதில்லை. செலவுக்குப் பயந்து அழைக்கத் தயங்காதீர்கள். ஆனால் அவர்கள் பத்து நிமிடத்தில் வந்துசேர முடியாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியொன்று குழுவில் இருப்பது அவசியம். முதல்நிலைப் பனிச்சரிவுப் பயிற்சி இரண்டு நாட்கள்தான். பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக அதைக் கட்டிக்கொடுக்கலாம். இந்தக் கட்டுரை அந்தப் பயிற்சிக்கு மாற்று ஆகாது.

மறுநாள்

அன்றிரவு மகள் தாளில் எழுதிய திரும்பும் மணி 10.30. அதிகாலை இரண்டரைக்கு வெளிக்கிட்டுப் போனார்கள். நான் தூங்கவில்லை. 10.50க்கு அவளுடைய செயற்கைக்கோள் கருவியிலிருந்து ஒரு வரி வந்தது: திரும்பிவிட்டோம். பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். உச்சிக்கு இன்னும் 150 மீட்டர்தான் இருந்ததாம். இன்னொரு குழு அவர்களைத் தாண்டிப் போய் உச்சியைத் தொட்டுவிட்டு, அதே சரிவால் சிரித்துக்கொண்டு இறங்கி வந்ததாம்.

"ஒண்டும் நடக்கேல்லை அப்பா. சும்மாதான் திரும்பினனாங்கள்."

நான் என்ன சொல்வது? ஒரு சரிவு பெயரவில்லை என்பதால் அது உறுதியாக இருந்தது என்று ஆகாது. நூலிழையில் தப்பியவருக்கும் நல்ல கணிப்போடு போனவருக்கும் மலை ஒரே மாதிரியான பின்னேரத்தைத்தான் கொடுக்கிறது. 2012இல் நாங்கள் இருபது நிமிடம் முந்தியே மலையடிவாரம் போய்ச் சேர்ந்திருந்தால் அந்தச் சத்தமும் எங்களுக்குக் கேட்டிராது. "நல்ல நாள்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுத்த வருடமும் ஏழரைக்குத்தான் தொடங்கியிருப்போம்.

இதை அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டாம் தரம் சோறு போடும்போது கேட்டாள்: "அப்ப திரும்பினது சரியோ பிழையோ எண்டு எப்பவுமே தெரியாதோ?"

"பெரும்பாலும் தெரியாது."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கான தாளை எடுத்து, நடை தொடங்கும் மணியை அரை மணித்தியாலம் முந்தி எழுதினாள். திரும்பும் மணியை மாற்றவில்லை.